மேலே ஒரு வர்ணம், கீழே ஒரு வர்ணம்

ஒரே பொருளுக்கு இரண்டு வர்ணம் எதற்கு என்று யாராவது கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். மாம்பழ நிறப் புடவைக்கு அரக்குக் கரை இல்லாவிட்டால் அது என்ன புடவை? காஞ்சிபுரத்தில் உடலை ஒரு நாடாவிலும் கரைகளை வேறு இரண்டு நாடாக்களிலும் ஓட்டி, இரண்டு வர்ணமும் சந்திக்கிற இடத்தில் இழையோடு இழை கோத்து நெய்கிறார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒருவரால் ஆகிற காரியமில்லை. தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். இவ்வளவு பாடும் எதற்கு? பார்க்கிறவர்கள் கண் நிறையட்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் ஆகாயத்தில் பறக்கிற ஒரு சிறு விமானத்துக்கு இரண்டு வர்ணம் எதற்கு என்பது அப்படிச் சட்டென்று சொல்லிவிடக் கூடியதாக இல்லை. என் தமையனார் வீட்டுக் கூடத்தில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் அதுதான் வழக்கு. வாதி என் தமையனார், வயது எழுபத்தேழு. பிரதிவாதி அவருடைய பேத்தி, வயது பதின்மூன்று. சாட்சியாக என்னை அடிக்கடி கூப்பிட்டார்கள். தீர்ப்பு மட்டும் அண்ணியிடம் இருந்தது; ஏனென்றால் இஸ்திரிப் பெட்டி அவருடையது.

இஸ்திரிப் பெட்டிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன் விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் வாழ்க்கை முழுவதும் படம் வரையும் மேஜையில் குனிந்து உத்தியோகம் பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யின் ஆகாயப் பிரிவில் இருந்தபோது அவருக்குப் பிடித்த பைத்தியம் இது. சின்னஞ்சிறு மரச் சட்டங்களை ஒட்டி ஒரு விமானத்தின் எலும்புக் கூட்டைச் செய்வது, அதன்மேல் மெல்லிய காகிதத்தைப் போர்த்துவது, பறக்க விடுவது, அது விழுந்து நொறுங்கியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது. நான் அவரைவிட நாலு வயது இளையவன். பொறுக்கிக் கொண்டு வருகிற உத்தியோகம் அப்போதே எனக்குத்தான்.

மரம் என்றால் எந்த மரமும் ஆகாது. பால்ஸா என்று ஒன்று. தென்னமெரிக்காவில் இக்வடார் நாட்டிலிருந்துதான் உலகத்துக்கே பெரும்பாலும் வருகிறது. நம் இலவ மரத்துக்கு உறவு. காயில் பஞ்சுகூட இருக்கிறது. ஐந்தாறு வருஷத்தில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ என்றால் இந்த மரம் சுமார் 160 கிலோ. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இராது. ஸ்பானிய மொழியில் 'பால்ஸா' என்றாலே தெப்பம் என்றுதான் அர்த்தம். 1947-ல் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் இந்த மரத்துக் கட்டைகள் ஒன்பதைக் கயிற்றால் கட்டி, பெருவிலிருந்து பாலினேசியத் தீவுகளுக்கு 101 நாளில் போய்ச் சேர்ந்தார். நம் மீனவர்களின் கட்டுமரத்தைப் பார்த்திருக்கிற நமக்கு அது அவ்வளவு ஆச்சரியமாக இருக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கூட்டின்மேல் போர்த்தக் காகிதம். பசை தடவி ஒட்டி, மேலே தண்ணீரைத் தெளித்தால் காய்ந்ததும் மிருதங்கத் தோல் மாதிரி விறைத்துக் கொள்ளும். தண்ணீர் தெளிக்க அண்ணன் வண்ணானிடம் கற்றுக்கொண்ட முறை, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு புகைபோல ஊதுவது. அதன்மேல் 'டோப்' என்ற ஒரு திரவத்தைப் பூச வேண்டும். அழுகிய வாழைப்பழத்தையும் நகச் சாயத்தையும் சேர்த்துக் காய்ச்சியது போல ஒரு வாசனை. எங்கள் அம்மா அந்த வாசனையைத் திண்ணைக்கு இப்பால் அனுமதித்ததில்லை. நிஜ விமானங்களே அப்போது பல அப்படித்தான் இருந்தன. பெங்களூரில் செய்து 1958-ல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் விமானத்துக்கும் துணி போர்த்திய சிறகுதான். இரண்டு பேர் உட்காரலாம். சிறகு தலைக்கு மேலே. அண்ணனுக்கு அதன்மேல் தனிப் பிரேமை. இப்போது அவர் கட்டியதும் அந்தச் சாடையில் உள்ளதுதான்; சிறகு நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டர், பாட்டரியில் சுழலும் மோட்டார், கையில் ஒரு ரேடியோப் பெட்டி.

காகிதமும் டோப்பும் போய், இப்போது பிலிம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலேயே வந்துவிட்ட சரக்கு. மானோகோட் என்று பெயர். ஜெர்மனியில் ஓராகவர் என்று ஒன்று. எல்லாம் ஒரே ஜாதி. மெல்லிய பாலியெஸ்டர் தாள். பின்பக்கத்தில் வர்ணமும், சூட்டில் இளகுகிற பசையும். சுமார் 100 டிகிரி சூட்டில் பசை மரத்தைப் பிடித்துக் கொள்ளும். 150 டிகிரி வாக்கில் தாளே சுருங்கி விறைத்துக் கொள்ளும். வித்தை முழுவதும் இந்த இரண்டு சூட்டுக்கும் நடுவே இருக்கிறது. முதலில் குறைந்த சூட்டில் விளிம்புகளை மட்டும் பிடிக்க வைக்க வேண்டும். பிறகு சூட்டைக் கூட்டி நடுவே உள்ள சுருக்கங்களைப் போக்க வேண்டும். இதற்கென்றே குட்டி இஸ்திரிப் பெட்டி விற்கிறார்கள். "வீட்டிலே ஒண்ணு இருக்கிறப்போ எதுக்கு?" என்பது அண்ணனின் சிக்கனம். அண்ணியின் பெட்டிக்குத் தம் பழைய பனியனைக் கிழித்துச் சட்டை போட்டு, கீறல் விழாதபடி செய்து வைத்திருந்தார்.

"புடவை எல்லாம் கசங்கிக் கிடக்குது. இவருக்கு விமானத்துக்கு இஸ்திரி!" என்றார் அண்ணி என்னிடம்.

ஒரே வர்ணமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒரே வர்ணம் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒன்றரை மீட்டர் சிறகு 170 மீட்டர் தூரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? வானத்தில் முழு நிலா எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். அண்ணன் பேத்திக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நிலா என்றால் நமக்குப் பெரிதாகத்தான் தோன்றுகிறது. கையை நீட்டிச் சுண்டு விரலைப் பிடித்தால் விரலுக்குள் மறைந்துவிடும். அந்த அளவுக்குள் ஒரு விமானத்தின் சிறகு, வால், மூக்கு எல்லாம் அடங்கியிருக்கின்றன. வானத்து வெளிச்சத்துக்கு எதிரே அது ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு நம்மை நோக்கி வருகிறதா, நம்மை விட்டுப் போகிறதா? நமக்குத் தெரிவது அதன் முதுகா, வயிறா? போகிறது என்று எண்ணிக்கொண்டு வலப்பக்கம் திருப்பினால், உண்மையில் வந்து கொண்டிருந்தால், அது நம் இடப்பக்கம் திரும்பும். 'அடடா' என்று இன்னும் அதிகமாகத் திருப்புவோம். அதற்குமேல் பொறுக்கிக் கொண்டு வர வேண்டியதுதான். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. விமானத்துக்கு இடம் எதுவோ அதுவே அவனுக்கும் இடம். தரையில் நிற்கிறவனுக்குத்தான் சங்கடம்.

ஆகவே மேலே ஒரு வர்ணம், கீழே ஒரு வர்ணம். அலங்காரம் அல்ல, அடையாளம். யுத்தத்தில் இதன் விலையை அறிந்திருக்கிறார்கள். 1943 ஜூலையில் சிசிலியில், தங்கள் படையினரையே ஏற்றிச் சென்ற விமானங்களில் 20-க்கு மேற்பட்டவற்றை நேச நாட்டுப் பீரங்கிகளே எதிரியென்று எண்ணிச் சுட்டு வீழ்த்தின. மறு வருஷம் நார்மண்டிப் படையெடுப்புக்கு முந்தைய நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்களின் சிறகுகளில் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து பட்டைகள் அவசர அவசரமாகப் பூசினார்கள். கோடு கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. தரையில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அண்ணன் சொன்னது இதுதான். மேற்புறம் முழுவதும் மஞ்சள். அடிப்புறம் கறுப்பும் மஞ்சளுமாக அகலப் பட்டைகள். வயிற்றுப் பக்கம் எப்போதும் நிழலில் இருப்பதால் அங்கே எந்த நிறமும் மங்கித்தான் தெரியும். நிறத்தை நம்புவதைவிடப் பட்டையை நம்புவது நல்லது என்பது அவர் கட்சி.

பேத்தி வைத்திருந்த சித்திரம் வேறு. மேலே வான நீலம். கீழே மயில் கழுத்து நிறம். காகிதத்தில் வரைந்து வர்ணம் தீட்டிக் காட்டினாள். அழகாகவே இருந்தது. மஞ்சளும் கறுப்பும் அவளுக்கு ஆட்டோ ரிக்ஷாவை நினைவூட்டியது.

"வானத்திலே வான நீலத்தைப் பறக்க விட்டா அப்புறம் எங்கேன்னு தேடறது, கண்ணு?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியும் தாத்தா."

"எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவள் பதில் சொல்லவில்லை. அண்ணியும் என்னைப் பார்க்கவில்லை. யாருக்குத் தெரிய வேண்டும் என்ற கேள்விக்குப் பின்னால் யார் ஓட்டப் போகிறார்கள் என்ற கேள்வி இருந்தது. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வர்ணத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

அண்ணனின் வலது கண்ணில் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற வியாதி. போன பார்வை திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றிக் கொள்ளலாம், அவ்வளவுதான். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டுக் கொள்கிறார். இடது கண்ணிலும் அது ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தால் பத்திரிகையை விரித்துக் கொள்வார். இந்த நோயின் கெட்ட குணம், பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் கழன்று போகும். போனது போனவருக்கே தெரியாது. அழுக்கு வெள்ளைக்கும் வெள்ளைக்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசங்களும் மங்கிவிடுகின்றன.

வழக்கை முடிக்க ஒரு பரீட்சை வைக்கலாம் என்று யோசனை சொன்னவள் பேத்திதான். விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அட்டையில் இரண்டு சிறகு வெட்டினாள். ஒன்றுக்கு அவளுடைய வர்ணம், ஒன்றுக்குத் தாத்தாவுடைய வர்ணம். ஒன்றரை மீட்டருக்கு 170 என்றால் 30 சென்டிமீட்டருக்கு 34 மீட்டர். டேப்பை எடுத்துக் கொண்டு போய்த் தெருவில் அளந்து, எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி ஒரு மொட்டை மாடியைப் பிடித்தாள். அங்கே அவள். இங்கே எங்கள் மாடியில் நாற்காலி போட்டு அண்ணன். பக்கத்தில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக நான். அவள் முதுகைக் காட்டுவாள், அல்லது வயிற்றைக் காட்டுவாள். அண்ணன் "மேல்" அல்லது "கீழ்" என்று சொல்ல வேண்டும். அவள் என்ன காட்டினாள் என்பதைப் போனில் எனக்கு மட்டும் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் இருபது தடவை.

மாலை ஐந்தரை மணி. வெயில் சாய்ந்து, நல்ல வெளிச்சம். முதலில் நீலம்.

"மேல்" என்றார் அண்ணன். "கீழ். கீழ். மேல்." தயக்கமே இல்லை. பரீட்சையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரிச் சொல்லிக் கொண்டே போனார். நான் எழுதிக் கொண்டே போனேன். பத்துக்கு மேல் வந்ததும் என் பென்சில் கொஞ்சம் கனமாகிவிட்டது. எனக்கு அங்கிருந்து வித்தியாசம் தெரிந்தது. சிரமப்பட்டுத்தான், ஆனால் தெரிந்தது.

இருபதுக்குப் பதினொன்று. காசைச் சுண்டிப் போட்டாலே பத்து வரும்.

மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இருபதுக்குப் பதினெட்டு. இந்தத் தடவை அவர் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கண்ணை இடுக்கி, கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, எந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது என்று தேடித் தேடிச் சொன்னார். தெரிந்தவர் யோசித்துச் சொன்னார். தெரியாதபோதுதான் அவ்வளவு வேகம்.

பேத்தி மாடி ஏறி வந்து நோட்டை வாங்கிப் பார்த்தாள். கூட்டிப் பார்க்கவில்லை, அங்கிருந்தே மனத்தில் கூட்டியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பாவாடைப் பையில் போட்டுக் கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் காலை சாப்பிடும்போது, "தாத்தா, மஞ்சள் கறுப்பே போட்டுடலாம். புலி மாதிரி இருக்கும்" என்றாள்.

அண்ணன் இட்டிலியைப் பிட்டபடி அவளைச் சற்று நேரம் பார்த்தார். "புலி இல்லே. குளவி" என்றார்.

அன்று இரவு நான் ஊருக்குக் கிளம்புகையில் வாசல் வரை வந்தார். "நீலத்திலே எத்தனைடா?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"பாதிக்கு மேலே" என்றார். கேட்டைச் சாத்திக் கொண்டு உள்ளே போனார்.

நான் மறுபடி போனபோது போர்வை வேலை நடந்து கொண்டிருந்தது. இரண்டு வர்ணத்தை ஒட்டுவதற்கென்று இந்தக் கலையில் சில விதிகள் உண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய விமானம் பாழானதால் ஏற்பட்டது. இருட்டு நிறம் வெளிச்ச நிறத்தின்மேல் ஏற வேண்டும்; மாறி ஒட்டினால் கறுப்பு மஞ்சளுக்கு அடியில் அழுக்கு மாதிரித் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று ஐந்தாறு மில்லிமீட்டர் ஏறினால் போதும். அகலமாக ஏற்றினால் நடுவே காற்று அகப்பட்டுக் கொண்டு அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சந்திப்பு எப்போதும் மரத்தின்மேல் இருக்க வேண்டும். இரண்டு விலாச் சட்டங்களுக்கு நடுவே அந்தரத்தில் ஒட்டினால், சூட்டில் இரண்டு தாளும் தன் தன் பக்கம் இழுத்துக் கொண்டு பிரிந்துவிடும். காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது. ஆகவே ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீருக்கு மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் உட்கார்ந்திருப்பது போல, முன் தாள் பின் தாளின்மேல் உட்கார வேண்டும். இது தவிர, அடிப்புறத்தை முதலில் போர்த்திப் பிறகு மேற்புறத்தைப் போர்த்த வேண்டும்.

இத்தனை விதிகளையும் ஒரே சமயத்தில் காப்பாற்ற முடியாது என்பதை அண்ணன் அன்றுதான் கண்டுபிடித்திருந்தார். அடிப்புறம் முதலில் என்றால் கறுப்பு முதலில் போகிறது. அதன் விளிம்பின்மேல் மேற்புறத்து மஞ்சள் ஏறுகிறது. மஞ்சளுக்கு அடியில் கறுப்பு! சிறகின் முன்விளிம்பு நெடுகிலும், துக்கக் கடிதத்தின் ஓரம் மாதிரி. மஞ்சளை முதலில் போர்த்தினாலோ முறை தலைகீழாகிறது. தாத்தாவும் பேத்தியும் சிறகைக் குப்புறப் போட்டுக் கொண்டு அரை நாளாக உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணி காபியை வைத்துவிட்டுச் சற்று நின்று கேட்டார். "இதுக்கா இவ்வளவு யோசனை? ரவிக்கைக்கு லைனிங் வைக்கிறப்போ என்ன செய்வோம்? மேல் துணியை உள்ளே மடிச்சுட்டு, அந்த மடிப்பு மேலே லைனிங்கை வச்சுத் தைப்போம். மஞ்சளை மேலேருந்து ஒரு விரல் அகலம் வயித்துப் பக்கம் மடிச்சு ஒட்டுங்க. கடைசியிலே கறுப்பை அது மேலே வையுங்க."

அண்ணன் சிறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்பு மரத்தின்மேல்தான் விழுகிறது. கறுப்பு மஞ்சளின்மேல் ஏறுகிறது. மேலிருந்து பார்த்தால் சந்திப்பே தெரியாது. ஒன்றே ஒன்று இடித்தது: முன்விளிம்புக்கு அருகே கறுப்பின் ஓரம் காற்றுக்கு எதிர்முகமாக நிற்கும். "காத்து கிளப்பிடுமே" என்றார்.

"நல்லா அழுத்தித் தேய்ச்சாக் கிளம்பாது" என்றார் அண்ணி. தேய்ப்பதைப் பற்றி அவரிடம் வாதாட அந்த வீட்டில் ஆள் கிடையாது.

பிறகு நடந்த வேலையை நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் தாளை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் பெட்டியை ஓட்ட வேண்டும். அண்ணன் விரல்களால் இழுத்தார். இழுப்பதற்குக் கண் வேண்டாம். எவ்வளவு விறைப்பு என்று விரலுக்குத் தெரியும். பேத்தி பெட்டியைப் பிடித்தாள். "நடுவிலே வை... ரெண்டு முனையிலேயும் வை... இப்போ ஓரத்துக்கு வா" என்று அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கறுப்புப் பட்டைகளுக்கு வந்ததும் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். அவள் எஃகு ஸ்கேலை வைத்துப் புது பிளேடினால் ஒரே இழுப்பில் வெட்டினாள். விலாச் சட்டத்தின்மேல் மஞ்சளின் ஓரம் எங்கே முடிகிறது என்று நகத்தால் தடவி, அதிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளிக் கறுப்பை வைத்தாள். முன்விளிம்பை இரண்டு தடவை தேய்த்தாள்.

பெரிய சூடு வைக்கிற கட்டத்தில் மட்டும் அண்ணன் மறுபடி வாய் திறந்தார். ஒரு பக்கத்தையே தேய்த்துக் கொண்டிருந்தால் அந்தப் பக்கம் சுருங்கிச் சிறகையே முறுக்கிவிடும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். சந்திப்புகளுக்கு அருகே பெட்டி போகக் கூடாது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, தாள் கண்ணாடியாகிற அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. முடிந்ததும் அண்ணன் விரலால் சுண்டினார். 'டொம்' என்றது. அவருக்கு அதுவரை இருந்த வயது சற்றுக் குறைந்தது. தராசில் வைத்துப் பார்த்ததில் சிறகின் இரண்டு பக்கத்துப் போர்வையும் சேர்ந்து ஐம்பது கிராம்கூட இல்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில், செங்கல்பட்டுக்கு அப்பால் வற்றிப் போயிருந்த ஓர் ஏரிக்குப் போனோம். ஆடு மேய்க்க வந்த ஒரு பையனைத் தவிர ஜனங்கள் இல்லை. ரேடியோப் பெட்டியை அண்ணன் கழுத்தில் மாட்டிக் கொண்டார். பேத்தி விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவருடைய வலது தோளை ஒட்டி நின்றாள். எந்தப் பக்கத்துக் கண் மோசமோ அந்தப் பக்கம். அவள் யோசித்து நின்றாளா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது.

விமானம் பத்துப் பதினைந்து கெஜம் ஓடிக் கிளம்பியது. முதல் இரண்டு வட்டம் அருகிலேயே. மஞ்சள் முதுகு வெயிலில் பளிச்சிட்டது. திரும்பும்போது பட்டை தெரிந்தது. மூன்றாவது வட்டத்தில் கிழக்கே சூரியன் பக்கமாகப் போய்விட்டது. மஞ்சளாவது, கறுப்பாவது! ஒரு கோடு. அண்ணனின் கட்டை விரல்கள் குச்சிகளின்மேல் அப்படியே நின்றன.

"பட்டை தெரியுது தாத்தா" என்றாள் அவள், சாதாரணமாக, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதைப் போல. "இடது சிறகு ஏறுது... பட்டை... இன்னும் பட்டை... மஞ்சள் வந்திடுச்சு. நம்ம பக்கம் வருது."

அவர் விரல் அசைந்தது. விமானம் தலைக்கு மேலே வந்தது.

அப்படியே இன்னும் நாலைந்து வட்டம். அவள் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். அவள் எந்த இடத்திலும் "இப்படித் திருப்புங்கள்" என்று சொல்லவில்லை; தெரிந்த வர்ணத்தை மட்டும் சொன்னாள். பிறகு இறக்க வேண்டிய நேரம் வந்தது. அவர் பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றி, விமானம் பறந்து கொண்டிருக்கும்போதே, அவள் கழுத்தில் மாட்டினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மாட்டிவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எங்கேடா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பனை மரத்துக்கு நேரே. மஞ்சள்."

"ம்" என்றார்.

இறங்கும்போது மூக்கு சற்றுத் தரையில் இடித்தது. புரொபெல்லர் ஒரு பக்கம் உடைந்தது, வேறு சேதமில்லை. ஆட்டுக்காரப் பையன்தான் முதலில் ஓடிப் போய்ப் பார்த்தான். அண்ணன் போய்ச் சேர்ந்ததும் முதல் காரியமாகச் சிறகைக் குப்புறத் திருப்பி, முன்விளிம்பை நகத்தால் நெடுகத் தடவிப் பார்த்தார். காற்று ஒரு மில்லிமீட்டர்கூடக் கிளப்பவில்லை.

வழியில் டிபனுக்கு நின்றபோது கார் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்புப் பட்டைகள் எல்லாம் தொளதொளவென்று சுருக்கம் விழுந்திருந்தன. மஞ்சளில் ஒன்றுமில்லை. கறுப்பு வெயிலை அதிகம் குடிக்கும். "மறுபடி ஒரு தடவை சூடு வச்சாச் சரியாப் போயிடும்" என்று அண்ணன் இஸ்திரிப் பெட்டியைத் தேடினார்.

அது அண்ணியின் கையில் இருந்தது. "நாலு புடவை இருக்கு. அதை முடிச்சுட்டுத்தான்" என்றார்.